ஊளைச்சதையும் இழுப்பு நோயும்

நள்ளிரவு. ஊர் அடங்கிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

கட்டிலின் ஓரத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல "உய்... உய்..." என்று சத்தம் கேட்கிறது. மகள் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். கணவர் அலமாரியில் இன்ஹேலரைத் தேடுகிறார்.

அந்த அம்மாளுக்கு வயது 45. சின்ன வயதில் அவருக்கு இழுப்பு கிடையாது. பிறந்த வீட்டிலும் யாருக்கும் கிடையாது. "எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த நோய்?" என்று அவர் கேட்கிறார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான்.

இழுப்பு வந்தால் தூசி மேல் பழி போடுகிறோம். பனி மேல் பழி போடுகிறோம். அடுப்புப் புகை, ஊதுவத்திப் புகை, பக்கத்து வீட்டு நாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. அது நம் உடம்பிலேயே இருக்கிறது. இடுப்பைச் சுற்றி, வயிற்றைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த கொழுப்புதான் அது!

இழுப்பு என்றால் என்ன?

நம் நுரையீரலுக்குள் மூச்சுக் குழல்கள் இருக்கின்றன. தலைகீழாக நிற்கும் மரத்தைப் போல அவை கிளை கிளையாகப் பிரிகின்றன. கடைசிக் கிளைகள் நூல் போல மெல்லியவை.

ஆஸ்துமா என்னும் இழுப்பு நோயில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழலின் உள்சுவர் வீங்குகிறது. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்ளே கோழை சேர்கிறது. பாதை குறுகிவிடுகிறது. காற்று உள்ளே போவதை விட வெளியே வருவதுதான் கஷ்டமாகிறது. அந்தக் குறுகிய பாதையில் காற்று நுழைந்து வரும் சத்தமே அந்த விசில்.

2019-ம் ஆண்டில் உலகத்தில் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அந்த ஓர் ஆண்டில் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

நர்சுகள் சொன்ன செய்தி

பருமனுக்கும் இழுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று டாக்டர்களுக்கு வெகு நாளாகவே சந்தேகம் இருந்தது. ஆனால் ஒரு கேள்வி குறுக்கே நின்றது.

இழுப்பு உள்ளவர்கள் ஓட மாட்டார்கள், ஆட மாட்டார்கள். அதனால் பருத்துவிடுகிறார்களா? அல்லது பருத்ததால் இழுப்பு வந்ததா? எது முதல்?

அமெரிக்காவில் இதற்குப் பதில் தேடினார்கள். 85 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை 1991 முதல் 1995 வரை தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் அவர்களில் யாருக்கும் இழுப்பு இல்லை. அப்போதே அவர்களுடைய எடையைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு யார் யாருக்குப் புதிதாக இழுப்பு வருகிறது என்று பார்த்தார்கள். கிட்டத்தட்ட 1,600 பேருக்கு வந்தது.

1999-ல் முடிவு வெளியாயிற்று. ஒல்லியான நர்சுகளை விட மிகப் பருமனான நர்சுகளுக்கு இழுப்பு வரும் வாய்ப்பு 2.7 மடங்கு அதிகமாக இருந்தது. 18 வயதுக்குப் பிறகு 25 கிலோவும் அதற்கு மேலும் எடை கூடியவர்களுக்கு இன்னும் மோசம். எடை மாறாமல் இருந்தவர்களை விட 4.7 மடங்கு!

இங்கே எடை முதலில் வந்தது. இழுப்பு பின்னால் வந்தது. எது முதல் என்ற கேள்விக்கு இப்படிப் பதில் கிடைத்தது.

பிறகு 2007-ல், 7 ஆராய்ச்சிகளைச் சேர்த்து, 3 லட்சத்து 33 ஆயிரம் பேரின் விவரங்களை ஒன்றாகப் பார்த்தார்கள். மிகப் பருமனானவர்களுக்கு ஒரே ஆண்டில் புதிதாக இழுப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. 2018-ல் அமெரிக்காவில் 5 லட்சம் குழந்தைகளின் விவரங்களைப் பார்த்தார்கள். மற்றக் குழந்தைகளில் 10 பேருக்கு இழுப்பு வந்தால், மிகக் குண்டான குழந்தைகளில் 13 பேருக்கு வந்தது.

இதனால் குண்டாக இருப்பவர் எல்லோருக்கும் இழுப்பு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இழுப்பு வருகிறது. ஆனால் எடை கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. முன்பே இழுப்பு உள்ளவர் பருத்தால், இருக்கிற நோய் முற்றுகிறது.

கொழுப்பு என்ன செய்கிறது?

வயிற்றில் உள்ள கொழுப்புக்கும் நெஞ்சில் உள்ள நோய்க்கும் என்ன உறவு?

முதலாவது, பாரம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத் திரை இருக்கிறது. உதரவிதானம் என்று அதற்குப் பெயர். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் நுரையீரல் விரியும். வயிறு நிறையக் கொழுப்பு இருந்தால் அந்தத் திரை இறங்க இடம் ஏது? அத்துடன் மார்பின் மேலும் பாரம் அழுத்துகிறது.

ஒரு பலூனை நன்றாக ஊதினால் அதன் வாய் அகலமாகிறது. காற்றைக் குறைத்தால் சுருங்கிவிடுகிறது. நுரையீரலும் அப்படித்தான். அது முழுவதும் விரியாதபோது உள்ளே இருக்கும் சின்னக் குழல்களும் குறுகிப் போகின்றன. இழுப்பு உள்ளவருக்கு ஏற்கெனவே குறுகிய குழல். அது மேலும் குறுகினால் என்ன ஆகும்?

இரண்டாவது, உள்ளே கனலும் நெருப்பு. கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் முன்பு நினைத்தார்கள். அது தவறு. கொழுப்பு ஒரு தொழிற்சாலை போல வேலை செய்கிறது. பல ரசாயனப் பொருள்களைத் தயாரித்து ரத்தத்தில் கலக்கிறது. 1994-ல் நியூயார்க் நகரில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் "லெப்டின்" என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு தயாரிக்கும் பொருள் அது. இப்படிப்பட்ட பொருள்கள் வேறு சிலவும் பிறகு தெரியவந்தன.

கொழுப்பு அதிகமானால் அழற்சியைக் கிளப்பும் பொருள்கள் அதிகமாகின்றன. அழற்சியை அடக்கும் பொருள்கள் குறைகின்றன. காய்ச்சல் தெரியாது, வலி தெரியாது. நீறு பூத்த நெருப்பு போல உடம்பு முழுவதும் கனன்றுகொண்டிருக்கும். மூச்சுக் குழலும் அந்த உடம்பில்தானே இருக்கிறது! அங்கேயும் அந்தச் சூடு போய்ச் சேருகிறது.

மூன்றாவது, குழலின் சுவரிலேயே கொழுப்பு! இது 2019-ல் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர ஆராய்ச்சியாளர்கள், இறந்து போன 52 பேரின் நுரையீரல்களைச் சோதித்தார்கள். மூச்சுக் குழலின் வெளிச்சுவரில் கொழுப்பு படிந்திருந்தது. எடை அதிகமாக இருந்தவர்களிடம் அந்தக் கொழுப்பும் அதிகமாக இருந்தது. அதற்கு ஏற்பக் குழலின் சுவரும் தடித்திருந்தது.

இவை தவிர, பருமனானவர்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகம். வயிற்றுப் புளிப்பு தொண்டை வரை மேலே வரும். தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் அதிகம். இவையும் இழுப்பைத் தூண்டிவிடும்.

மருந்து ஏன் பலிக்கவில்லை?

"மருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் குறையவில்லையே!" என்று சிலர் வருந்துவார்கள்.

எல்லா இழுப்பும் ஒரே மாதிரி அல்ல. சின்ன வயதில் ஒவ்வாமையால் வருவது ஒரு வகை. நடுத்தர வயதில், ஒவ்வாமை எதுவும் இல்லாமல், பருமனோடு சேர்ந்து வருவது மற்றொரு வகை. இது பெண்களுக்கே அதிகம் வருகிறது. முதல் வகைக்கு ஸ்டிராய்டு இன்ஹேலர் நன்றாகக் கேட்கும். இரண்டாவது வகைக்கு அந்த அளவு கேட்பதில்லை.

அதற்காக மருந்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அது உயிருக்கே ஆபத்து. குறைவாகக் கேட்டாலும் அந்த மருந்து காவல்தான். மருந்தோடு எடையையும் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு பயமும் மக்களிடம் இருக்கிறது. "இன்ஹேலர் பிடித்தால் உடம்பு ஊதிவிடும்" என்கிறார்கள். ஸ்டிராய்டு மாத்திரையை நீண்ட நாள் விழுங்கினால் எடை கூடும், அது உண்மை. ஆனால் இன்ஹேலரில் வருவது மிகச் சிறு அளவு. ஒரு மில்லிகிராமை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு மைக்ரோகிராம் என்று பெயர். மாத்திரையை மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். இன்ஹேலர் மருந்தை மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது.

இந்தப் பயத்தால் சிலர் இன்ஹேலரை விட்டுவிடுகிறார்கள். இழுப்பு முற்றுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே மாத்திரையும் ஊசியும் கொடுக்க வேண்டி வருகிறது. அடிக்கடி இப்படியானால் எடை கூடுகிறது. எதற்குப் பயந்தார்களோ அதுவே நடந்துவிடுகிறது!

எடை குறைந்தால்?

எடை குறைந்தால் இழுப்பும் குறையுமா? குறையும் என்று பரிசோதனைகள் காட்டுகின்றன.

பின்லாந்து நாட்டில், இழுப்பும் பருமனும் உள்ள 38 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 14 வாரம் எடை குறைக்கும் சிகிச்சை. டாக்டர்களின் மேற்பார்வையில் 8 வாரம் மிகவும் குறைந்த உணவு. மற்றப் பிரிவுக்கு அது இல்லை. 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்தபோது முதல் பிரிவினரின் எடை நூற்றுக்கு 14½ பங்கு குறைந்திருந்தது. ஊதிப் பார்க்கும் சோதனையில் அவர்களுடைய மூச்சு பலப்பட்டிருந்தது. ஓர் ஆண்டுக் கணக்கில், மற்றப் பிரிவினருக்கு நான்கு தடவை இழுப்பு முற்றிய இடத்தில், இவர்களுக்கு ஒரு தடவைதான் முற்றியது!

அவ்வளவு எடை குறைக்க வேண்டும் என்பதும் இல்லை. 2013-ல் ஆஸ்திரேலியாவில் நியூகாசில் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு எடை குறைத்தவர்களில், நூற்றுக்கு 58 பேருக்கு இழுப்பு நன்றாகக் கட்டுப்பட்டது. நூற்றுக்கு 83 பேருக்கு அன்றாட வாழ்க்கை சுகப்பட்டது.

அந்தப் பரிசோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. உணவைக் குறைத்தவர்களுக்கு 10 வாரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் எடை குறைந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 பங்கு கூடக் குறையவில்லை. ஆகவே காலையில் நடந்துவிட்டு, வரும் வழியில் வடையும் காபியும் சாப்பிட்டால் எடை குறையாது!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உங்கள் எடை சரியானதா? இதோ கணக்கு.

ஓர் அம்மாள் 160 சென்டிமீட்டர் உயரம். அதாவது 5 அடி 3 அங்குலம். எடை 80 கிலோ. உயரத்தை மீட்டரில் எழுதுங்கள்: 1.6. அதை அதே எண்ணால் பெருக்குங்கள்: 2.56. எடையை அதனால் வகுங்கள். 80-ஐ 2.56-ஆல் வகுத்தால் 31 வரும்.

நம் நாட்டவருக்கு இந்த எண் 23-க்குக் கீழே இருப்பது நல்லது. 23-க்கு மேல் போனால் எடை அதிகம். 25-க்கு மேல் பருமன். வயிற்றையும் அளந்து பாருங்கள். சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது.

இந்த அம்மாள் ஒரேயடியாக 20 கிலோ குறைக்க வேண்டாம். நூற்றுக்கு 5 பங்கு என்றால் 4 கிலோ. 10 பங்கு என்றால் 8 கிலோ. இது நடக்கக்கூடிய காரியம்தானே?

தேசிய குடும்ப நல ஆய்வு ஒரு செய்தி சொல்கிறது. 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேருக்கு எடை அதிகம். 2019-21-ல் அது 40 ஆகிவிட்டது! ஆண்களில் 28 பேர் 37 பேர் ஆனார்கள். இதைப் படித்த பிறகும் நாம் சும்மா இருக்கலாமா?

வீட்டில் என்ன செய்யலாம்?

பட்டினி கிடக்க வேண்டாம். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, காய்கறியை ஒரு கரண்டி கூட்டுங்கள். பருப்பு, சுண்டல், கீரை, முட்டை, குழம்பு மீன் நல்லவை. பஜ்ஜி, போண்டா, முறுக்கு, இனிப்புச் சோடா, நாளுக்கு நாலைந்து தடவை சர்க்கரை போட்ட காபி - இவற்றில் கை வையுங்கள். மிச்சம் வீணாகிறதே என்று தாய்மார்கள் பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுகிறார்கள். அந்த வழக்கத்தை விட வேண்டும். அளந்து சமைத்தால் மிச்சமே இராது.

தினம் அரை மணி நேரம் நடங்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. புகையும் தூசியும் குறைந்த நேரம் பார்த்து நடங்கள். நடந்தால் இழுக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். நடப்பதற்கு முன் எந்த மருந்து எடுக்கலாம் என்று அவர் சொல்வார்.

இழுப்பு உள்ள பிள்ளையை "ஓடாதே, ஆடாதே" என்று மூலையில் உட்கார வைக்காதீர்கள். விளையாடாத பிள்ளை பருக்கும். பருத்த பிள்ளைக்கு இழுப்பு கூடும். கூடினால் இன்னும் விளையாட முடியாது. மருந்து ஒழுங்காக நடந்தால் இழுப்பு உள்ள பிள்ளையும் ஓடி விளையாடலாம்.

"ஒரே மாதத்தில் 15 கிலோ" என்று விளம்பரம் செய்யும் பொடிகளை நம்ப வேண்டாம். பேர் தெரியாத லேகியத்தைத் தின்றுவிட்டு இன்ஹேலரை நிறுத்தவும் வேண்டாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. மூச்சிரைப்பு எல்லாம் ஆஸ்துமா அல்ல. இருதயக் கோளாறிலும் மூச்சு இரைக்கும். ரத்த சோகையிலும் இரைக்கும். வெறும் பருமனாலும் இரைக்கும். ஆகவே குழாயில் ஊதிப் பார்க்கும் "ஸ்பைரோமெட்ரி" சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, இன்ஹேலருக்குக் கேட்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

கேலி வேண்டாம்!

கடைசியாக, எல்லோருக்கும் ஒரு வார்த்தை.

குண்டானவரைப் பார்த்துச் சிரிப்பது நம் ஊரில் பெரிய தவறாகவே தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர். கல்யாண வீட்டில் கிண்டல். அதற்கு வெட்கப்பட்டே பலர் நடக்கப் போவதில்லை, டாக்டரிடமும் போவதில்லை. யாரும் ஆசைப்பட்டு நோயை வாங்கிக்கொள்வதில்லை. காலை முதல் இரவு வரை அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு, நடக்க அரை மணி நேரம் யார் கொடுத்தார்கள்? அந்த அரை மணி நேரத்துக்கு வீட்டு வேலையைக் கணவரும் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் வைத்தியம்தான்!

பள்ளிக்கூடங்களும் கவனிக்க வேண்டும். விளையாட்டு வகுப்பைப் பிடுங்கிக் கணக்குப் பாடம் நடத்துவது லாபம் அல்ல. நகராட்சிகள் நடக்க நடைபாதை தர வேண்டும். ஆஸ்பத்திரிகளில் இழுப்பு என்று வருகிறவரின் நெஞ்சைச் சோதிப்பதோடு, எடையையும் இடுப்பையும் அளந்து எழுத வேண்டும். மருந்துச் சீட்டோடு, என்ன சாப்பிடுவது என்று பொறுமையாகச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். இன்ஹேலர் மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதி வைத்தியம்தான் நடந்ததாக அர்த்தம்.

நள்ளிரவில் விளக்கு எரிந்த அந்த வீட்டுக்கு மறுபடியும் போவோம். அந்த அம்மாள் இன்ஹேலரை விடக்கூடாது. ஆனால் அது மட்டும் போதாது. நாளைக் காலையில் மகள் அவருடன் நடக்கப் போகட்டும். கணவர் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும். 80 கிலோ 76 ஆகட்டும்; பிறகு 72 ஆகட்டும்.

அந்த வீட்டிலும் விளக்கு அணையும். அம்மாளும் நிம்மதியாகத் தூங்குவார்.